கவுண்டி வாரியான புற்றுநோய் இறப்பு விகிதங்கள்: கென்டக்கி மாநில அட்டவணையைப் புரிந்துகொள்வது எப்படி?

புற்றுநோய் இறப்பு விகிதம் என்பது, ஓர் ஆண்டில் ஒரு லட்சம் மக்களுள் எத்தனை பேர் புற்றுநோயால் இறக்கின்றனர் என்பதைக் குறிக்கும் எண் ஆகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்த விகிதம் நாடு முழுமைக்கும், ஒவ்வொரு மாநிலத்துக்கும், மாநிலத்தின் நிர்வாகப் பிரிவான ஒவ்வொரு கவுண்டிக்கும் தனித்தனியே கணக்கிடப்பட்டுப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படுகிறது.

உங்களுக்கோ உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கோ புற்றுநோய் இருப்பதாக மருத்துவர் அண்மையில் கூறியிருந்தால், நீங்கள் இணையத்தில் தேடும்போது இத்தகைய அட்டவணை கண்ணில் படுவது இயல்பு. உங்கள் கவுண்டியின் பெயருக்கு எதிரே பெரிய எண் இருக்கும். வரைபடத்தில் உங்கள் ஊர் அடர்ந்த சிவப்பு நிறத்தில் இருக்கும். அதைப் பார்த்துச் சிலர் நம்பிக்கை இழந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றனர். சிலர் அவசரமாக மருத்துவமனையை மாற்றுகின்றனர். வேறு சிலர், தங்கள் கவுண்டியின் எண் சிறியதாக இருப்பதைக் கண்டு, செய்துகொள்ள வேண்டிய பரிசோதனையைச் செய்யாமல் விடுகின்றனர். இம்மூன்றுமே அட்டவணையைத் தவறாகப் படிப்பதால் நேர்பவை. நாட்டிலேயே புற்றுநோய் இறப்பு விகிதம் மிகுந்த மாநிலங்களில் ஒன்றான கென்டக்கியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்த எண்கள் எவற்றைக் கூறுகின்றன, எவற்றைக் கூறவில்லை என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன?

ஒருவர் இறந்தவுடன் மருத்துவரோ இறப்பு விசாரணை அலுவலரோ இறப்புச் சான்றிதழில் அதற்கான அடிப்படைக் காரணத்தைப் பதிவு செய்கிறார். இச்சான்றிதழ்கள் மாநில அரசின் வழியாகத் தேசியச் சுகாதாரப் புள்ளிவிவர மையத்தைச் சென்றடைகின்றன. அங்கு தொகுக்கப்படும் விவரங்களைக் கொண்டு, தேசியப் புற்றுநோய் நிறுவனமும் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்களும் இணைந்து ‘ஸ்டேட் கேன்சர் புரொஃபைல்ஸ்’ என்ற தளத்தில் கவுண்டி வாரியான அட்டவணைகளை வெளியிடுகின்றன.

புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களின் விவரம் வேறு வழியில் வருகிறது. கென்டக்கியில் அதனைத் திரட்டுவது, 1990-ஆம் ஆண்டு மாநிலச் சட்டமன்றம் ஏற்படுத்திய கென்டக்கி புற்றுநோய்ப் பதிவகம். மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் ஒவ்வொரு புதிய நோயாளியின் விவரத்தையும் இப்பதிவகத்துக்குச் சட்டப்படி தெரிவிக்க வேண்டும்.

ஓர் இறப்பு எந்தக் கவுண்டியின் கணக்கில் சேரும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. நோயாளி எந்த மருத்துவமனையில் இறந்தார் என்பது இங்குப் பொருட்டன்று. அவர் எங்கு வசித்தார் என்பதே கணக்கு. லெக்சிங்டன் நகரிலுள்ள பெரிய மருத்துவமனையில் இறந்த ஒருவர் கிழக்கு மலைப்பகுதியைச் சேர்ந்தவரானால், அவருடைய இறப்பு மலைப்பகுதிக் கவுண்டியிலேயே பதிவாகும். ஆகவே பெரிய புற்றுநோய் மருத்துவமனை உள்ள கவுண்டியில் அதன் காரணமாகவே இறப்பு விகிதம் கூடிவிடுவதில்லை. மறுபுறம், முப்பது ஆண்டுகள் நிலக்கரிச் சுரங்க ஊரில் வாழ்ந்துவிட்டு, முதுமையில் நகரத்திலுள்ள மகள் வீட்டுக்குக் குடிவந்து இறந்தவர் நகரத்தின் கணக்கில்தான் சேர்வார். அவர் நோயுற்றதற்கான காரணம் எந்த ஊரில் இருந்தது என்பதை அட்டவணை அறியாது.

மூன்று விகிதங்கள், மூன்று பொருள்கள்

நோயாளிகளைப் பெரிதும் குழப்புவது இதுதான். நிகழ்வு விகிதம் என்பது ஒரு லட்சம் மக்களுள் ஓர் ஆண்டில் எத்தனை பேருக்குப் புதிதாக நோய் கண்டறியப்படுகிறது என்பதைக் கூறும். இறப்பு விகிதம் அதே ஒரு லட்சம் மக்களுள் எத்தனை பேர் அந்நோயால் இறக்கின்றனர் என்பதைக் கூறும். உயிர்வாழ்வு விகிதமோ, நோய் கண்டறியப்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களுள் எத்தனை விழுக்காட்டினர் குறிப்பிட்ட காலத்துக்குப் பின்னும், பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும், உயிருடன் உள்ளனர் என்பதைக் கூறும்.

இறப்பு விகிதத்தின் வகுஎண்ணில் நோயுற்றோர், நோயற்றோர், பிறந்த குழந்தைகள் என அனைவரும் உள்ளனர். எனவே ஒரு கவுண்டியில் நுரையீரல் புற்றுநோய் இறப்பு விகிதம் இரு மடங்காக இருப்பதனால், அங்குள்ள நோயாளி பிழைக்கும் வாய்ப்பு பாதியாகிவிட்டது என்று பொருளாகாது. அங்கு இரு மடங்கு மக்களுக்கு நோய் வருகிறது என்பதே பெரும்பாலும் அதன் காரணமாக இருக்கும். உங்களுக்கு நோய் ஏற்கெனவே கண்டறியப்பட்டுவிட்ட நிலையில், கவுண்டியின் இறப்பு விகிதம் உங்கள் கேள்விக்கு விடை தருவதில்லை. நோயின் வகை, எந்தக் கட்டத்தில் உள்ளது, கட்டியின் மரபணு மாற்றங்கள் எவை, உங்கள் பொது உடல்நிலை எவ்வாறுள்ளது ஆகியவையே விடை தரக்கூடியவை. அவற்றை உங்கள் மருத்துவரிடம் மட்டுமே பெற முடியும்.

அப்படியானால் இறப்பு விகிதத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மாநிலம் புற்றுநோயை எதிர்கொள்வதில் முன்னேறுகிறதா என்பதை அளக்க அதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை. நோயைச் சில ஆண்டுகள் முன்கூட்டியே கண்டறிந்தால், நோயாளி இறக்கும் நாள் மாறாவிட்டாலும் ‘ஐந்தாண்டு உயிர்வாழ்வு’ உயர்ந்ததுபோல் தோன்றும். இறப்பு விகிதத்தில் அத்தகைய மயக்கத்துக்கு இடமில்லை.

‘வயதுக்கேற்பச் சரிசெய்யப்பட்டது’ என்பதன் பொருள்

அட்டவணையின் தலைப்பில் இச்சொற்றொடரைக் காண்பீர்கள். புற்றுநோய் பெரும்பாலும் முதியோரைத் தாக்கும் நோய். ஆகவே முதியோர் மிகுந்த ஊரில் இறப்புகள் மிகுவது இயல்பு. இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். இரண்டு ஊர்களிலும் தலா ஒரு லட்சம் பேர் வாழ்கின்றனர் என்று கொள்வோம். இரு ஊர்களிலும் 65 வயதுக்கு உட்பட்டோரிடையே லட்சத்துக்கு 50 பேரும், அதற்கு மேற்பட்டோரிடையே லட்சத்துக்கு 900 பேரும் புற்றுநோயால் இறக்கின்றனர். அதாவது ஒரே வயதினருக்கு ஆபத்து இரு ஊர்களிலும் ஒன்றே. முதல் ஊரில் முதியோர் 10,000 பேர் என்றால் மொத்த இறப்புகள் 135. இரண்டாம் ஊரில் முதியோர் 30,000 பேர் என்றால் மொத்த இறப்புகள் 305. சரிசெய்யாத எண்களைப் பார்ப்பவர் இரண்டாம் ஊரில் ஏதோ நஞ்சு கலந்திருக்கிறது என்றே எண்ணுவார்.

இப்பிழையைத் தவிர்ப்பதற்காக, ஒவ்வொரு கவுண்டியின் வயதுவாரி இறப்புகளும் 2000-ஆம் ஆண்டின் அமெரிக்க நிலைமக்கள்தொகை எனப்படும் பொது அளவுக்கு ஏற்ப மாற்றிக் கணக்கிடப்படுகின்றன. இளைஞர் நிறைந்த பல்கலைக்கழக நகரையும், இளைஞர்கள் வேலை தேடி வெளியேறிவிட்ட மலைக் கிராமங்களையும் ஒப்பிட இதுவே வழி. ஒப்பிடும்போது சரிசெய்யப்பட்ட எண்களைச் சரிசெய்யப்பட்ட எண்களோடு மட்டுமே ஒப்பிடுங்கள். செய்தித்தாளில் வரும் ‘எங்கள் கவுண்டியில் இத்தனை இறப்புகள்’ என்ற எண்ணிக்கையோடு அவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

சிறிய கவுண்டிகளின் எண்களை எவ்வளவு நம்பலாம்?

கென்டக்கியில் 120 கவுண்டிகள் உள்ளன. அவற்றின் அளவில் பெரும் ஏற்றத்தாழ்வு உண்டு. லூயிவில் நகரை உள்ளடக்கிய ஜெஃபர்சன் கவுண்டியில் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 7,82,969 பேர் வாழ்ந்தனர். ராபர்ட்சன் கவுண்டியில் வாழ்ந்தோர் 2,193 பேர் மட்டுமே. அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே அகலமுள்ள ஒரு வரிதான்.

இரண்டு கவுண்டிகளிலும் உண்மையான இறப்பு விகிதம் லட்சத்துக்கு 200 என்று ஒரு பேச்சுக்குக் கொள்வோம். ராபர்ட்சனில் ஆண்டுக்கு நான்கு அல்லது ஐந்து இறப்புகள் நிகழும். ஓர் ஆண்டில் தற்செயலாக இருவர் கூடுதலாக இறந்தால், விகிதம் ஏறத்தாழ பாதியளவு உயர்ந்து 290-ஐத் தொடும். அடுத்த ஆண்டு இருவர் குறைவாக இறந்தால் அது அதே வேகத்தில் சரியும். ஊரின் காற்றிலோ நீரிலோ மருத்துவத்திலோ எதுவும் மாறியிருக்காது. இதன் காரணமாகவே கவுண்டி எண்கள் ஓராண்டுக்கு வெளியிடப்படாமல், ஐந்தாண்டுகளின் சராசரியாக வெளியிடப்படுகின்றன.

ஐந்தாண்டுகளைச் சேர்த்த பின்னரும் ஐயம் முற்றிலும் நீங்குவதில்லை. அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள் தரப்படுகின்றன. இதற்கு 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி என்று பெயர். தற்செயலால் ஏற்படும் ஏற்ற இறக்கத்தைக் கருத்தில் கொண்டால், உண்மை விகிதம் ஏறக்குறைய இந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்பதே அதன் கருத்து. நாம் மேலே எடுத்துக்கொண்ட கணக்கின்படி, ஜெஃபர்சனின் இடைவெளி சுமார் 196 முதல் 204 வரை இருக்கும். ராபர்ட்சனின் இடைவெளியோ சுமார் 125 முதல் 300 வரை நீளும். ‘200’ என்று இரு வரிகளிலும் ஒன்றாகத் தெரியும் எண்ணுக்குப் பின்னால் இத்தனை வேறுபாடு உள்ளது.

ஆகவே, தரவரிசையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மிகச் சிறிய கவுண்டிகள் பட்டியலின் உச்சியிலும் இருக்கும், அடியிலும் இருக்கும். அமெரிக்கச் சிறுநீரகப் புற்றுநோய் வரைபடங்களில் இது புகழ்பெற்ற எடுத்துக்காட்டு: இறப்பு விகிதம் மிகக் குறைவான கவுண்டிகளைத் தேடினால், அவை பெரும்பாலும் மக்கள் குறைந்த கிராமப்புறக் கவுண்டிகளாக இருந்தன. தூய காற்றும் எளிய வாழ்வும் காரணம் என்று சொல்லத் தோன்றும். மிக அதிகமான கவுண்டிகளைத் தேடினால், அவையும் மக்கள் குறைந்த கிராமப்புறக் கவுண்டிகளாகவே இருந்தன. இரண்டு கவுண்டிகளின் நம்பக இடைவெளிகள் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால், ஒன்று மற்றதைவிட மோசம் என்று கூறுவதற்கு அந்த அட்டவணையில் ஆதாரம் இல்லை.

சில கவுண்டிகளுக்கு நேரே எண்ணே இராது. விண்மீன் குறி மட்டும் இருக்கும். ஐந்தாண்டுகளில் 16-க்கும் குறைவான நிகழ்வுகள் பதிவாகியிருந்தால், விகிதம் நிலையற்றதாக இருக்கும் என்பதாலும், தனிமனிதர்களின் அடையாளம் வெளிப்பட்டுவிடக் கூடாது என்பதாலும் எண் மறைக்கப்படுகிறது. அங்குப் புற்றுநோயே இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். தமிழர்கள் உட்பட தெற்காசியக் குடும்பத்தினர் தங்கள் சமூகத்துக்கான எண்ணைத் தேடும்போது பெரும்பாலும் இக்குறியையே காண்பர். ஆசியர், பசிபிக் தீவினர் ஆகிய அனைவரும் ஒரே பிரிவில் சேர்க்கப்பட்டுள்ளனர். அப்பிரிவும் கென்டக்கியின் பெரும்பாலான கவுண்டிகளில் மிகச் சிறியது.

எண்ணிக்கை துல்லியமாகவே இருந்தும் பொருள் திரிந்துபோவதும் உண்டு. 2014-ஆம் ஆண்டு வரையிலான கவுண்டி இறப்புகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வொன்றில், நாட்டிலேயே மிகக் குறைந்த விகிதம் கொலராடோ மாநிலத்தின் சம்மிட் கவுண்டியில் லட்சத்துக்கு 70.7 எனவும், மிகுந்த விகிதம் ஃபுளோரிடா மாநிலத்தின் யூனியன் கவுண்டியில் 503.1 எனவும் கணக்கிடப்பட்டது. யூனியன் கவுண்டி சிறியது. மாநிலச் சிறைத் துறையின் மருத்துவமனை அங்கு அமைந்துள்ளது. மாநிலம் எங்கிலுமிருந்து கடும் நோயுற்ற கைதிகள் அங்குக் கொண்டுவரப்படுகின்றனர். சிறையே அவர்களின் வசிப்பிடமாகப் பதிவாவதால், அவர்களின் இறப்பு அந்தக் கவுண்டியின் கணக்கில் ஏறுகிறது. இதை அறியாமல் வரைபடத்தைப் பார்க்கும் அக்கவுண்டிவாசி ஒருவர் எத்தனை அஞ்சியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

‘குறைகிறது’, ‘நிலையாக உள்ளது’, ‘உயர்கிறது’

அட்டவணையின் மற்றொரு நிரல், விகிதம் அண்மைக் காலத்தில் எத்திசையில் செல்கிறது என்பதைக் காட்டும். ஆண்டுதோறும் சராசரியாக எத்தனை விழுக்காடு மாறுகிறது என்று கணக்கிட்டு, அதன் நம்பக இடைவெளி முழுவதும் சுழியத்துக்குக் கீழே இருந்தால் ‘குறைகிறது’ என்றும், முழுவதும் மேலே இருந்தால் ‘உயர்கிறது’ என்றும், இடைவெளிக்குள் சுழியம் அடங்கியிருந்தால் ‘நிலையாக உள்ளது’ என்றும் குறிப்பர். இதில் ‘நிலையாக உள்ளது’ என்பது பலரை ஏமாற்றும் சொல். பெரிய கவுண்டியில் அது உண்மையிலேயே மாற்றமின்மையைக் குறிக்கலாம். சிறிய கவுண்டியில், மாற்றம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லப் போதிய எண்ணிக்கை இல்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

நாடு முழுமைக்குமான போக்கு தெளிவானது. அமெரிக்காவில் புற்றுநோய் இறப்பு விகிதம் 1991-ஆம் ஆண்டில் லட்சத்துக்குச் சுமார் 215 என்ற உச்சத்தை எட்டியது; அதன்பின் தொடர்ந்து குறைந்து, 2022-க்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்துள்ளது. புகைப்பழக்கம் குறைந்தது, முன்கூட்டிக் கண்டறியும் பரிசோதனைகள் பரவியது, சிகிச்சை மேம்பட்டது ஆகிய மூன்றும் காரணங்கள். கென்டக்கியிலும் விகிதம் குறைந்தே வருகிறது. ஆனால் அது உயரமான இடத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் நாட்டின் சராசரி 150-க்குக் கீழே வந்துவிட்ட நிலையில், கென்டக்கியின் சராசரி இன்னும் 170-க்கு மேல் உள்ளது.

இந்த எண்கள் யாவும் கடந்த காலத்தைப் பற்றியவை என்பதையும் மறக்க வேண்டாம். இன்று நீங்கள் காணும் ஐந்தாண்டுச் சராசரியில், ஆறேழு ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களும் உள்ளனர். அவர்களுள் பலருக்கு நோய் கண்டறியப்பட்டது அதற்கும் முன்பு. நுரையீரல் புற்றுநோயில் இந்த இடைவெளி மிக முக்கியமானது. அதன் பெரும்பான்மை வகையான சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு, அமெரிக்க ஆண்களிடையே 2013 முதல் 2016 வரை ஆண்டுக்கு 6.3 விழுக்காடு என்ற வேகத்தில் குறைந்தது. மரபணு மாற்றத்தை இலக்காகக் கொண்ட மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்ததே இந்த வேகத்துக்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. நோய் எதிர்ப்புத் திறனைத் தூண்டும் மருந்துகள் பரவலானது அதற்குப் பிந்தியே. ஆகவே இன்று சிகிச்சை தொடங்கும் ஒருவர், பழைய அட்டவணையில் உள்ளோருக்குக் கிடைக்காத மருந்துகளைப் பெறக்கூடும்.

கென்டக்கியில் விகிதம் ஏன் அதிகம்?

மாநிலத்தின் 120 கவுண்டிகளுள் 54, அப்பலாச்சிய மலைப்பகுதி என்று அரசு வரையறுத்த பகுதியில் உள்ளன. வரைபடத்தில் அடர்ந்த நிறம் பெரும்பாலும் இக்கிழக்குப் பகுதியிலேயே படிந்திருக்கும். தனித்தனிச் சிறு கவுண்டிகளின் எண்களில் ஐயம் இருந்தாலும், அருகருகே உள்ள பல கவுண்டிகள் ஒரே திசையைக் காட்டுவதும், ஐந்தாண்டுக்கு ஐந்தாண்டு அதே வடிவம் திரும்ப வருவதும் தற்செயலாக இருக்க இயலாது. லூயிவில் அருகிலுள்ள வளமான ஓல்டம் கவுண்டியும், நாட்டின் மிக வறிய கவுண்டிகளில் ஒன்றான கிழக்கின் ஔஸ்லி கவுண்டியும் ஒரே மாநிலத்தில்தான் உள்ளன.

முதற்காரணம் புகையிலை. கென்டக்கி தலைமுறை தலைமுறையாகப் புகையிலை பயிரிட்டு வாழ்ந்த மாநிலம். சிறு விவசாயிகளின் குடும்பச் செலவும் பிள்ளைகளின் படிப்பும் அந்தப் பயிரை நம்பியிருந்தன. அத்தகைய ஊரில் புகைபிடிப்பதைத் தீய பழக்கமாக எவரும் கருதவில்லை. அதைக் கட்டுப்படுத்தும் சட்டங்களும் தாமதமாகவே வந்தன. பொதுக் கட்டடங்களில் புகைப்பதைத் தடைசெய்யும் உள்ளூர்ச் சட்டத்தை மாநிலத்தில் முதன்முதலாக லெக்சிங்டன் நகரம் நடைமுறைப்படுத்தியது 2004-இல்தான். புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் இடையே இருபது, முப்பது ஆண்டுகள் கழிவதால், இன்றைய இறப்பு விகிதம் முந்தைய தலைமுறையின் பழக்கத்தையே காட்டுகிறது. நோயாளியைக் குற்றவாளியாக்க இதனைப் பயன்படுத்தக் கூடாது. புகைத்தவராயினும், ஒருநாளும் புகையாதவராயினும், சிகிச்சையும் பரிவும் பெறும் உரிமை ஒன்றே. இதைச் சொல்வதற்குக் காரணம், நுரையீரல் புற்றுநோயாளிகள் பலர் பிறர் பழிப்புக்கு அஞ்சி, அறிகுறிகளை மறைத்துத் தாமதமாக மருத்துவமனைக்கு வருகின்றனர்.

அடுத்தது ரேடான். மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதையும்போது வெளிப்படும் இவ்வளிமத்துக்கு நிறமும் மணமும் இல்லை. சுண்ணாம்புப் பாறையும் குகைகளும் நிறைந்த கென்டக்கியின் நிலத்தில் பல வீடுகளின் அடித்தளத்தில் இது சேர்கிறது. அமெரிக்காவில் புகைப்பழக்கத்துக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது ரேடானே. புகைப்பவர் வீட்டில் ரேடானும் இருந்தால் இரண்டு ஆபத்துகளும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. எளிய சோதனைப் பெட்டி ஒன்றைக் கொண்டு வீட்டிலேயே அளக்கலாம். ஒரு லிட்டர் காற்றில் 4 பைக்கோகியூரி அல்லது அதற்கு மேல் இருந்தால் வெளியேற்றும் குழாய் அமைக்க வேண்டும் எனச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவுறுத்துகிறது.

வறுமை, காப்பீடு இல்லாமை, மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையேயுள்ள மலைப்பாதை ஆகியவை நோயைத் தாமதமாகக் கண்டறியச் செய்கின்றன. கருப்பைவாய்ப் புற்றுநோய் அப்பலாச்சியக் கவுண்டிகளில் மிகுந்திருப்பது இதற்குச் சான்று. உரிய வயதில் எச்.பி.வி. தடுப்பூசியும், முறையான பரிசோதனையும் கிடைத்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடிய நோய் அது.

எனினும் ஒரு கவுண்டியின் நிறம் மாறாத விதியன்று என்பதற்கும் இதே மாநிலத்தில் சான்று உண்டு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருங்குடல் மற்றும் மலக்குடல் புற்றுநோய் நிகழ்வில் கென்டக்கி நாட்டிலேயே முன்னணியில் இருந்தது. பரிசோதனை செய்துகொண்டோர் விகிதத்தில் கடைசி இடங்களில் இருந்தது. உரிய வயதினருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே பரிசோதனை செய்துகொண்டிருந்தனர். புற்றுநோய்ப் பதிவகத்தின் எண்களைக் கொண்டு, மாநிலத்தின் 15 வட்டாரங்களிலும் இயங்கிய புற்றுநோய்க் குழுக்கள் மருத்துவர்களிடமும் மக்களிடமும் நேரடியாகப் பேசின. காப்பீடு இல்லாதோருக்கான பரிசோதனைத் திட்டத்தை 2008-இல் சட்டமன்றம் ஏற்படுத்தியது. சில ஆண்டுகளில் பரிசோதனை செய்துகொண்டோர் மூன்றில் இருவராக உயர்ந்தனர். நோய் நிகழ்வும் இறப்பும் ஏறத்தாழ கால்பங்கு குறைந்தன. இறந்துபோயிருக்கக்கூடிய மனிதர்கள் ஆண்டுதோறும் உயிருடன் இருக்கின்றனர் என்பதே அட்டவணையில் தெரியும் அந்தச் சரிவின் பொருள்.

நீங்கள் நோயாளியானால்

உங்கள் கவுண்டியின் எண்ணைக் கொண்டு சிகிச்சையை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்க வேண்டாம். மருத்துவரிடம் கேட்க வேண்டியவை வேறு: என் நோய் எந்தக் கட்டத்தில் உள்ளது? கட்டியில் மரபணுப் பரிசோதனை செய்யப்பட்டதா? இச்சிகிச்சையின் நோக்கம் நோயை நீக்குவதா, கட்டுப்படுத்துவதா, துன்பத்தைக் குறைப்பதா? மருத்துவ ஆய்வுச் சோதனை எதிலேனும் சேர எனக்குத் தகுதி உண்டா? இரண்டாவது கருத்துக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் அவமதிப்பாகக் கருதமாட்டார். கென்டக்கியில் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றது லெக்சிங்டனிலுள்ள மார்க்கி புற்றுநோய் மையம். தொலைவு காரணமாகச் சிகிச்சை முழுவதையும் அங்குப் பெற இயலாதவர்கள், நோயின் தன்மையை உறுதிசெய்யவும் சிகிச்சைத் திட்டத்தை வகுக்கவும் ஒருமுறை சென்று வந்து, மற்றவற்றை ஊருக்கு அருகிலேயே தொடரலாமா என்று கேட்கலாம்.

புகைப்பவராக இருந்தால், நோய் கண்டறியப்பட்ட பிறகு விடுவதில் பயனில்லை என்று எண்ண வேண்டாம். அப்போது விட்டாலும் அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் குறைகின்றன. சிகிச்சையின் பயனும் கூடுகிறது.

நீங்கள் பராமரிப்பவரானால்

நோயாளிக்காக அலையும் குடும்பத்தார் தங்கள் பரிசோதனைகளை மறந்துவிடுவது வழக்கமாக நிகழ்வது. இறப்பு விகிதம் மிகுந்த கவுண்டியில் வாழ்வோருக்கு அட்டவணை தரும் பயனுள்ள செய்தி, பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே. இன்றைய அமெரிக்கப் பரிந்துரைகளின்படி, பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை 45 வயதில் தொடங்குகிறது. கொலோனோஸ்கோப்பிக்குத் தயங்குவோர் ஆண்டுதோறும் வீட்டிலேயே மாதிரி எடுக்கும் மலப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். பெண்களுக்கு மார்பக ஊடுகதிர்ப் படம் 40 வயது முதல் 74 வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. கருப்பைவாய்ப் பரிசோதனை 21 முதல் 65 வரை. நுரையீரலுக்கான குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் அனைவருக்கும் உரியதன்று. 50 முதல் 80 வயதுக்குட்பட்டவராய், நாளொன்றுக்கு ஒரு பெட்டி வீதம் 20 ஆண்டுகளுக்கு ஈடான அளவு புகைத்தவராய், இன்றும் புகைப்பவராகவோ 15 ஆண்டுகளுக்குள் விட்டவராகவோ இருப்போருக்கு அது ஆண்டுதோறும் பரிந்துரைக்கப்படுகிறது. குடும்பத்தில் பலருக்குப் புற்றுநோய் வந்திருந்தால் இவ்வயது வரம்புகள் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

மெடிக்கெய்ட் காப்பீடு உள்ளவர்கள், சிகிச்சைக்குச் சென்று வர வாகன வசதி கோரலாம். அது அத்திட்டத்தின் பயன்களில் ஒன்று. கூட்டரசின் நிதியுதவி பெறும் மருத்துவமனைகள், ஆங்கிலத்தில் போதிய தேர்ச்சி இல்லாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்படுத்தித் தர வேண்டும். தொலைபேசி வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். நோயின் கட்டம், மருந்தின் அளவு போன்றவற்றை வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்க்கச் செய்ய வேண்டாம். பிள்ளைகள் தாத்தா பாட்டியின் மனம் நோகாதிருக்கச் சிலவற்றை மறைத்துவிடுவர்.

புகைப்பதை நிறுத்த விரும்புவோர் 1-800-784-8669 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். அழைப்பவர் வசிக்கும் மாநிலத்தின் உதவி மையத்துக்கு அந்த அழைப்பு இணைக்கப்படும்.